480 நாள் கணக்கும் குறித்த கால வேலையும்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்ததிலிருந்து கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: “இனி நிரந்தரம் உண்டா, இல்லையா?” 29 சட்டங்கள் நான்காகச் சுருங்கிய கதை எல்லோரும் அறிந்தது. பலருக்கும் மறந்துபோனது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்பணி செய்தவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்கிறது அது. காலியிடம் உண்டா, முதலாளிக்கு மனம் இருக்கிறதா என்ற பேச்சே இல்லை; உழைத்த நாள்தான் தகுதி. ஞாயிறுகளைக் கழித்தால் இரண்டு ஆண்டில் சுமார் 626 வேலைநாள். அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் வந்தால் போதும். தொழிலாளியின் தவறின்றி வேலை நின்ற நாள்களால் தொடர்பணி அறுந்துவிடாது என்றும் எழுதிவைத்தார்கள். ஆலை வாசல் தந்திரங்களை அறிந்தவர்கள் எழுதிய சட்டம்.

ஆனாலும் தந்திரம் வேறு வழியில் புகுந்தது. அதே ரோலிங் மில், அதே ஃபர்னஸ், அதே ஆள். மஸ்டர் ரோலில் காண்டிராக்டர் பெயர் மட்டும் மாறும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் தானாகப் பணியில் சேர்க்கும் உரிமை கிடையாது, ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால்தான் வழி என 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய தொழில் உறவுத் தொகுப்பில் அந்தத் தந்திரம்கூடத் தேவையில்லை. ‘குறித்த கால வேலை’க்கு ஆளை நேரடியாகவே எடுக்கலாம். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்ற உச்சவரம்பு இல்லை. காலம் முடிந்து வெளியே அனுப்பினால் அது ஆட்குறைப்பும் ஆகாது. நிரந்தரத் தொழிலாளிக்குரிய சம்பளமும் சலுகையும் உண்டு, பணிக்கொடை ஓராண்டிலேயே உண்டு என்கிறது அரசு. உண்மைதான். கொடுக்காதது ஒன்றே ஒன்று, அடுத்த ஆண்டும் வேலை இருக்கும் என்ற உறுதி. அது இல்லாதவர் மிகைநேரச் சம்பளத்தையோ கையுறையையோ கேட்டு வாங்குவாரா? சங்கத்தில் சேருவாரா? மற்ற உரிமைகள் எல்லாம் நிற்பது இந்த ஒன்றின் மேல்தான்.

இரும்புச் சந்தை ஏறி இறங்கும், எப்படி எல்லோரையும் நிரந்தரமாக்குவது என்பார்கள் ஆலைக்காரர்கள். நியாயமான கேள்வி. ஆர்டர் குவியும் நான்கு மாதத்துக்கு ஆள் எடுத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஆண்டு முழுக்க எரியும் ஃபர்னஸுக்கும் அதே சலுகை எதற்கு? இந்த இரண்டையும் தொகுப்பு பிரித்துப் பார்க்கவில்லை. சந்தை சரிந்தால் ஆள் குறைக்கவும் அதே தொகுப்பு வழிவிட்டிருக்கிறது. அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராகிவிட்டது. ஒரே காரணத்துக்கு இரண்டு சலுகை!

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. 1981 சட்டம் ரத்தா? ரத்துப் பட்டியலில் அது இல்லை. மத்தியத் தொகுப்போடு மோதுகிறதா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்குப் பொருந்துமா? பொருந்தும். வேலையைவிட்டு நீக்கினால்? தீர்ப்பாயம் போக இருந்த 3 ஆண்டு அவகாசம் 2 ஆகிவிட்டது. சான்று? கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக். யார் பெயரில் எந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்பது பாஸ்புக்கில் இருக்கும். இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.