பாத எரிச்சலுக்குச் சர்க்கரை மட்டுமா காரணம்?

"சுகர் வந்தா காலு மதமதன்னுதான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத அளவுக்கு உணர்வு மங்க, பி12 பற்றாக்குறையும் காரணமாகலாம். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறைக்கு இந்த வைட்டமின் தேவை. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால், பி12-ஐக் குடல் உறிஞ்சுவது குறையலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதுபற்றி எச்சரித்தது.

அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பால், தயிர்கூடத் தொடாதவர்களுக்கு இது இன்னும் அவசியம். கீரையில் பி12 கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மதமதப்பு குறைய வாய்ப்பு அதிகம்.

"பி காம்ப்ளக்ஸ்தானே, என்ன பண்ணிடும்?" என்று தாங்களாகவே வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. அதிலுள்ள பி6 அளவு மீறினால், அதுவே நரம்பைக் கெடுக்கும். தினமும் 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்த ஏழு பேரின் நடை தள்ளாடியதை 1983-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். அது ராட்சத அளவுதான். ஆனால் 50 மில்லிகிராமுக்குக் கீழேயும் பாதிப்பு வரலாம் என்கிறது ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அட்டையில் 'பைரிடாக்சின்' என்றிருப்பது பி6-தான். இரண்டு மூன்று மாத்திரைகளில் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.