நாற்பது பேருக்கு நாற்பது புத்தகம்

தொடக்கப் பள்ளி வாசலில் – 11

எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. 'க, கா, கி, கீ' என்று ராகம் போட்டு 'கௌ' வரை பிசகாமல் சொல்லிவிடும் குழந்தை, நடுவில் விரல் வைத்து 'கொ'வைக் காட்டிக் கேட்டால் தடுமாறும். மறுபடியும் 'க'விலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். உதடு அசைவதிலேயே தெரிந்துவிடும்.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பெற்றோர் மலைக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அவற்றோடு துணைக்கால், கொம்பு, சுழி என்று சில குறிகள், அவ்வளவுதான். உகர, ஊகார வரிசை மட்டும் கொஞ்சம் படுத்தும். கு, சு, து, மு நான்கும் நாலு விதம். தும்பிக்கை தூக்கி நின்ற ணை, லை, ளை, னை ஆகியவற்றை 1978 எழுத்துச் சீர்திருத்தம் வழிக்குக் கொண்டுவந்தது. உகரத்தின் பக்கம் அது போகவில்லை. இருந்தாலும், எழுத எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளில் ஆரம்பித்துச் சீக்கிரமே 'படம்', 'பட்டம்' என்று சொல்லுக்கு வந்துவிடும் முறை நம் ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். எழுத்து எப்படியும் வந்துவிடும். சிக்கல் அதைத் தாண்டித்தான் இருக்கிறது.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'தங்கை'யை 'த... ங்... கை' என்று கூட்டும்போது அந்தக் 'கை' நம் உடம்பில் இருக்கும் கையாக வல்லோசையில் விழும். அது தங்கையாக மாற, அந்தச் சொல் முன்பே காதில் இருந்தாக வேண்டும். வீட்டில் இருப்பவளோ தங்கச்சி. தமிழ்க் குழந்தைக்கு உள்ள கஷ்டம் இது. வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. வீட்டில் 'போனான்', புத்தகத்தில் 'சென்றான்'. 'ஆகையால்', 'எனினும்' என்றெல்லாம் எந்த அம்மாவும் சோறு ஊட்டும்போது சொன்னதில்லை. காதில் விழாத சொல்லைக் கண் எப்படித் தாவிப் பிடிக்கும்?

அதனால்தான் ஆசிரியர் தினமும் ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்து, அதில் இருப்பதை இருக்கிறபடியே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறேன். பேச்சு நடையில் கை கால் ஆட்டிக் கதை சொல்வதை நிறுத்த வேண்டாம். அதன் ருசி தனி. ஆனால் அது மட்டும் போதாது. எழுத்து நடை காதில் குடியேறுவதற்குப் பத்து நிமிட உரத்த வாசிப்பைப் போல வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கண் தடுக்குகிற இடத்தில் காது கைகொடுக்கும்.

அடுத்தது வேகம். எழுத்தெழுத்தாகக் கூட்டுகிற பிள்ளை வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்திருக்கும். பொருள் சிக்காத இடத்தில் யாருக்குத்தான் ஆசை வரும்? வேகம் வேண்டுமென்றால் நிறைய வாசிக்க வேண்டும், அதுவும் சுலபமானதை. அந்த நிறையவுக்கு எங்கே போவது? 2012-ல் முப்பருவ முறை வந்தபின் பருவத்துக்குப் பருவம் மெல்லிய புத்தகம். முதுகுச் சுமை குறைந்தது, நல்லதே. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சில வாரங்களில் தமிழ்ப் பாடம் முழுக்க மனப்பாடம். அதற்குப் பிறகு நடப்பது ஒப்பித்தல். பக்கத்தைக் கையால் மூடினாலும் வாய் நிற்காது.

இந்த முடிச்சை ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே அவிழ்த்துக் காட்டியவர் கிஜுபாய் பதேக்கா. 1885-ல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர், வக்கீல். தன் மகனை எப்படி வளர்ப்பது என்று தேடப்போய்க் கல்வியாளர் மாண்டிசோரியை வாசித்தார், கோர்ட்டை விட்டுவிட்டார். 1920-ல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அவர் 'மீசைக்கார அம்மா'. குஜராத்தியில் அவர் எழுதிய 'திவாஸ்வப்னா'வை நேஷனல் புக் டிரஸ்ட் 'பகல் கனவு' என்று தமிழில் வெளியிட்டிருக்கிறது. நாலாம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டு வாங்கிச் சோதனை செய்து பார்க்கும் ஆசிரியர் ஒருவரின் கதை அது. முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப்போய் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். பிள்ளைகள் கட்டுப்பட்டு உட்காருகிறார்கள். அடுத்து வருகிறது அந்த யோசனை: பாடப்புத்தகம் வாங்கும் காசை என்னிடம் கொடுங்கள், வகுப்புக்கு விதவிதமான புத்தகங்கள் வாங்கிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேரிடம் ஒரே புத்தகத்தின் நாற்பது பிரதிகள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கிடைப்பது ஒரு புத்தகம். நாற்பதும் வேறு வேறாக இருந்தால்? செலவு கூடுவதில்லை. வாசிக்கத் தெரிந்தபின் நூலகம் என்கிற வரிசையைக் கிஜுபாய் தலைகீழாக்கினார். வாசிக்கப் பழகுவதே அந்த அலமாரியில்தான்.

இன்று நம் பள்ளிகளில் புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. படிகளுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் நிச்சயமாகக் குழந்தைகளோடு பழகியவர். ஆனாலும் பல பள்ளிகளில் புத்தகம் பீரோவில், சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் உள்ளபடி புத்தகம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஆய்வுக்கு ஆள் வரும். ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். பூட்டி வைத்தால் கணக்கு குறையாது, கரையான் வராதவரை.

நான் போய்ப் பார்த்த ஒரு கிராமப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, துணி காயப்போடும் கொடி மாதிரி ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார், பிள்ளைகளுக்குக் கை எட்டும் உயரத்தில். எடுக்கிற பிள்ளையே ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொள்ளும். கிழிந்தால் கோந்து, ஒட்ட முடியாததைத் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு பதிவேட்டில் கழித்துவிடுவார்கள். நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு சிறுமி வந்தாள்.

"டீச்சர், இதையே திரும்ப எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ கண்ணு."

ஏற்கெனவே வாசித்ததுதானே என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. படித்ததையே திரும்பப் படிக்கும்போதுதான் நாக்கு தடையில்லாமல் ஓடும். ஐந்தாம் வகுப்புப் பையன் 'நுழை' புத்தகத்தை எடுத்தாலும் தடுக்க வேண்டியதில்லை.

வேறொரு பள்ளியில் புத்தகம் தாராளமாகக் கைக்குக் கிடைத்தது. கூடவே ஒரு படிவமும்: கதைச் சுருக்கம், பிடித்த பாத்திரம், கதை உணர்த்தும் நீதி. புத்தகத்துக்கு ஒன்று வீதம் நிரப்பித் தர வேண்டும். அங்கே ஒல்லியான புத்தகங்கள் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தன. தடிமனானவை வாங்கி வைத்த மெருகு குலையாமல் அடுக்கில் நின்றன.

(தொடரும்)