போர்ட் இருந்தும் இரண்டாவது மானிட்டர் ஏன் வேலை செய்வதில்லை?

2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகள் உண்டு. ஆனால் அது ஏற்பது ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான். ஏன்?

ஒவ்வொரு திரைக்கும் சிப்புக்குள் தனிச் சுற்று வேண்டும். நினைவகத்தில் உள்ள படத்தை வரி வரியாகப் படித்து, பொதுவாக நொடிக்கு 60 முறை அனுப்புவது அதன் வேலை. எம்1 சிப் இரண்டு திரைகளையே இயக்கும். அந்த இரண்டில் ஓரிடம் லேப்டாப்பின் சொந்தத் திரைக்குப் போய்விடுகிறது. சொந்தத் திரை இல்லாத மேக் மினியில் இதே சிப் இரண்டு மானிட்டர்களை இயக்குவது இதனால்தான்.

இப்படிப்பட்ட வரம்பைத் தாண்ட, பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் எக்ஸ்பிரஸ்கார்டு என்ற விரிவாக்க அட்டைத் துளை வழியாகத் தனி கிராஃபிக்ஸ் சிப்பையே சேர்க்க முடிந்தது. இன்று அந்தத் துளை இல்லை; டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பம் உண்டு. சாதாரண முழு எச்டி படத்தை அப்படியே அனுப்ப நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட் வேண்டும். அதனால் டிஸ்ப்ளேலிங்க் மென்பொருள் படத்தைச் சுருக்கி, வெறும் தரவாக யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் இடையே இணைக்கும் டாக் என்ற பெட்டியில் உள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குத் தருகிறது. அருமையான உத்தி! ஆனால் சுருக்கும் சுமை பிராசஸர் மீது விழுகிறது. வேகமான விளையாட்டுகள் தடுமாறும். நகல் தடுப்புப் பூட்டுள்ள படங்கள் கருப்பாகவே தெரியலாம். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் தாராளமாகப் போதும்.

டாக் வாங்கும்போது எச்டிஎம்ஐ போர்ட்டுகளை மட்டும் எண்ணாதீர்கள். டிஸ்ப்ளேலிங்க் இல்லாத பல டாக்குகள், மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சியைத்தான் காட்டும்.