ஐந்தாவது விளக்கு

நீலத் தரையில் சிவப்புக் குச்சி. நுண்ணோக்கியில் அது தெரிந்தால் காசநோய். செஞ்சி வட்டாரத்தில் லேப் டெக்னீசியனாக இருந்த காலமெல்லாம் நான் தேடியது இந்தக் காட்சியைத்தான். ஒரு சிலைடில் 100 இடங்களாவது பார்த்த பிறகே ‘இல்லை’ என்று எழுதலாம். ஆனால், ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வரை இருந்தால்தான் கண்ணில் சிக்கும். சிக்கினாலும், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்பது தெரியாது.

மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை தூக்கிய ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நோய் உறுதியாகி, மாத்திரை தொடங்கியும் இருமல் நிற்கவில்லை. சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும். வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி என்று முடிவு வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அதே அறையில் படுத்திருந்த அவருடைய மகளுக்கும் நோய் தொற்றிவிட்டது.

அந்த மூன்று மாதத்தை இன்று இரண்டு மணி நேரமாகக் குறைத்திருப்பது, ‘புரோப்’ எனப்படும் சின்னஞ்சிறு டிஎன்ஏ துண்டு. டிஎன்ஏ இரட்டை இழை. ஓர் இழையில் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் எதிரில் ‘டி’, ‘சி’ இருந்தால் எதிரில் ‘ஜி’. ஓர் இழையின் எழுத்து வரிசை தெரிந்துவிட்டால் அதன் ஜோடியை நாமே செய்துகொள்ளலாம். அந்த ஜோடி, கோடி எழுத்துகளுக்கு நடுவிலும் தன் இணையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு அரிவாள் செல் சோகை உண்டா என்று 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கான், டோசி என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தது இந்த உத்தியால்தான். நம் நீலகிரிப் பழங்குடியினரை வாட்டும் அதே நோய்தான் அது.

1996இல் நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் ரஸ்ஸல் கிராமரும் புரோப்புக்கு விளக்கு பொருத்தினார்கள். துண்டு கொண்டை ஊசிபோல் மடங்கியிருக்கும். ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் பொருள். இணை கிடைத்ததும் ஊசி நிமிரும், முனைகள் விலகும், விளக்கு எரியும்.

காசநோய் சிகிச்சையின் தூண் ரிஃபாம்பிசின் என்ற மருந்து. அதற்கு அடங்காத கிருமிகளில் நூற்றுக்கு 95இல், 81 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு மரபணுப் பகுதியில்தான் பிழை இருக்கும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சோதனையில் அந்த 81 எழுத்துகளை ஐந்து புரோப்கள் பங்குபோட்டுக் காவல் காக்கின்றன. ஐந்து விளக்கும் எரிந்தால் நோய் உண்டு, மருந்து கேட்கும். சில எரிந்து ஒன்று எரியாவிட்டால் நோயும் உண்டு, பிழையும் உண்டு. மருந்தை மாற்ற வேண்டும். நாம் ‘சிபிநாட்’ என்று சொல்வது இதைத்தான்.

செஞ்சியின் ராஜகிரி மலை அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மா ஒருவர் காலையில் சளி கொடுத்தார். “நாளைக்கு வரணுமாம்மா?” என்றார். “வேணாம்மா, மதியம் வரைக்கும் இருங்க” என்றேன். திரையில் நான்கு விளக்குகளின் கோடுகள் ஏறின. ஐந்தாவது ஏறவே இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னோம். அவர் அந்த அம்மாவுக்கு வேறு மருந்து தொடங்கினார். மல்லாட்டைக்காரருக்குக் கிடைக்காத மூன்று மாதம் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. இப்போதும் அதே இடத்தில் கூடை வைத்திருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிலைடோடு நிறுத்தாமல் சிபிநாட் அல்லது அதைப் போன்ற ட்ரூநாட் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், காசு கிடையாது. எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். வீட்டில் உங்களோடு படுத்து உறங்குகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.