மலை வீட்டுக்கு மரமா, காங்கிரீட்டா?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அம்மலையிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் ஒரு தை மாதக் காலையில் இப்படிக் கேட்டார்: "சார், எங்கள் பழைய வீடு மண் சுவரும் புல் கூரையும் கொண்டது. இப்போது பக்கத்திலேயே காங்கிரீட் வீடு கட்டிவிட்டோம். ஆனால் பாட்டி மட்டும் இரவில் பழைய வீட்டுக்கே போய்ப் படுக்கிறார். புது வீடு குளிர்கிறதாம். ஏன் சார்?"

நல்ல கேள்வி. விடை நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது.

விடியற்காலையில் வீட்டுக் கதவையும் அதன் இரும்புத் தாழ்ப்பாளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் உள்ளன. ஆயினும் இரும்பு சில்லென்றிருக்கிறது, மரம் அப்படியில்லை. இரும்பு நம் விரலின் வெப்பத்தை விரைந்து இழுத்துச் செல்கிறது, மரம் இழுப்பதில்லை. இப்பண்பை வெப்பக் கடத்துதிறன் என்கிறோம். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, வாட் என்ற அலகில் இரும்புக்கு அது 50-க்கும் மேல். காங்கிரீட்டுக்குச் சுமார் 1.5, மரத்துக்குச் சுமார் 0.15, அசையாத காற்றுக்கு 0.025 மட்டுமே. மரத்தின் உள்ளே நுண்குழல்களில் காற்று அடைபட்டிருப்பதே அதன் இரகசியம். புல் கூரையின் இரகசியமும் அதுவே.

ஒரு சிறு கணக்கு போடுவோம். 10 சதுர மீட்டர் பரப்பும் 10 செ.மீ. கனமும் உள்ள ஒரு கூரை. அதன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் 10 டிகிரி வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். கூரை காங்கிரீட்டானால் அதன் வழியே 1500 வாட் வெப்பம் வெளியேறும். மரமானால் 150 வாட்தான்! சமவெளியைவிட 700 மீட்டர் உயர்ந்த ஊரில் காற்றே சுமார் நாலரை டிகிரி குளிர்ந்திருக்கும். மேகமற்ற இரவில் காங்கிரீட் தளம் தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி மேலும் குளிர்கிறது. பழைய வீட்டிலோ, கனத்த மண் சுவர் பகல் வெயிலிலும் அடுப்பிலும் பெற்ற வெப்பத்தை இரவில் மெல்ல விடுகிறது. புல் கூரை அதை வெளியே விடாமல் காக்கிறது. பாட்டி கணக்குப் போடாமலே சரியான விடையைக் கண்டுவிட்டார்!

பனி மூடும் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் இதே பிரச்சினைதான். அங்கே நெடுங்காலமாகவே மரவீடுகள் உண்டு. ஆனால் மரத்துக்கு ஒரு குறை. ஈரத்தில் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் அல்ல. நார் ஓடும் நெடுக்கில் மிகக் குறைவு, குறுக்கில் பல மடங்கு அதிகம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செதுக்குவோருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரம் உலராமல் உளி வைத்தால் சிற்பம் வெடித்துவிடும்.

இக்குறைக்கு 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஒரு வழி கண்டார்கள். பலகைகளை மூன்று, ஐந்து, ஏழு என அடுக்கி, ஒரு அடுக்கின் நார் அடுத்த அடுக்குக்குச் செங்குத்தாக அமையுமாறு ஒட்டினார்கள். ஒரு அடுக்கு குறுக்கில் சுருங்க முயன்றால், அடுத்த அடுக்கு அதைப் பிடித்து நிறுத்துகிறது. சுவரும் தளமும் ஆலையிலேயே தயாராகி வந்துவிடுகின்றன. நார்வேயில் 2019-இல் 18 மாடியும், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் 25 மாடியும் கொண்ட கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தாலேயே எழுந்தன.

தீப்பிடித்தால்? நியாயமான அச்சம். கனத்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. வீதம்தான் கரியாகிறது. அக்கரியே வெப்பத்தைத் தடுத்து உள்மரத்தைக் காக்கிறது. பாதுகாப்புப் பூச்சு இல்லாத எஃகோ 600 டிகிரியை நெருங்கும்போது தன் வலிமையில் பாதியை இழந்து வளைகிறது.

அப்படியானால் கல்வராயன் மலையிலும் மரவீடு கட்டலாமா? அவசரப்படக் கூடாது. நம் நாட்டில் கறையான் உண்டு. மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கல் அடித்தளம், அகன்ற தாழ்வாரம், மருந்தூட்டிய மரம் ஆகியவை இல்லாமல் மரவீடு நிலைக்காது. அனைத்துக்கும் மேலாக, மலைக்காட்டை வெட்டி வீடு கட்டுவது, வீட்டுக்காக ஊற்றை அழிப்பதற்கு ஒப்பாகும். நட்டு வளர்த்த மரமே இதற்கு உரியது.

மரம் இல்லாவிட்டாலும் அதன் பாடத்தைப் பயன்படுத்தலாம். அந்த மாணவரிடம் சொன்னேன்: "படுக்கும் அறையில் தளத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு, இடுக்கில்லாமல் மூங்கில் தட்டி அடியுங்கள். நடுவில் அடைபடும் காற்று வெப்பத்தைக் காக்கும். அடுப்பறையில் மட்டும் வேண்டாம், தீப்பொறி ஆபத்து. முதலில் இரண்டு வீட்டிலும் ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். தட்டி அடித்தபின் மறுபடியும் எழுதுங்கள்."

வாசகர்களும் தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பழைய வீட்டை இடிக்குமுன், அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று ஒரு வாரமாவது அளந்து பார்ப்பது நல்லதல்லவா?