கண்ணைச் சிமிட்டினால்தான் சத்துமாவு!
பாலவாடி டீச்சர்களைப் பாடாய்ப் படுத்தும் செல்போன்

இலஞ்சி,-

"ஏட்டி, போனைப் பாரு. நல்லா கண்ணைச் சிமிட்டு!"

"சிமிட்டிக்கிட்டுதான் டீச்சர் இருக்கேன்!"

"இன்னொரு தடவை சிமிட்டு. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

இது சினிமா படப்பிடிப்பு அல்ல. போட்டோ ஸ்டூடியோவும் அல்ல. பாலவாடியில் கேட்கும் பேச்சு! இடுப்பில் குழந்தையோடு நிற்பவர் கேட்பது, அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவு பாக்கெட். அதற்குத்தான் இந்தப் பாடு.

இலஞ்சி, தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு மட்டும் வந்த சோதனை அல்ல இது. நாடு பூராவும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

2 ஜூலை முதல் தேதிகள்

1982 ஜூலை 1. முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டத்தைத் தொடங்கி வைத்த நாள். குழந்தை தட்டோடு வந்து உட்கார்ந்தால் போதும். சோறு விழுந்தது.

2025 ஜூலை 1. வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுக்கு முகப்பதிவு கட்டாயம் என்று ஆன நாள். முகத்தைக் காட்டு, பாக்கெட்டை வாங்கு!

மத்திய அரசின் 'போஷன் டிராக்கர்' செயலி 2021 மார்ச்சில் வந்தது. மையம் திறந்ததா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எடை என்ன, உயரம் என்ன- எல்லாவற்றையும் டீச்சர்தான் செல்போனில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்பு வேறொரு செயலி இருந்தது. அதைப் பழகி முடிப்பதற்குள் அது போய், இது வந்துவிட்டது.

எங்கே சிக்குகிறது?

முதலில் தாயின் ஆதார் நம்பரைப் போட வேண்டும். ஆதாரில் உள்ள செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். பிறகு போட்டோ. அது ஆதார் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதன்பின் பாக்கெட் வாங்கும்போதெல்லாம் முகத்தைக் காட்ட வேண்டும். படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கத்தான் கண் சிமிட்டச் சொல்வது.

"ஓ.டி.பி. வந்துச்சாம்மா?"

"அவுக போனுக்குப் போயிருக்கும் டீச்சர். அவுக கேரளாவுல வேலைக்கு நிக்காக. இப்ப எடுக்க மாட்டாக."

அவர் எடுப்பதற்குள் நம்பர் காலாவதி! மறுபடியும் முதலில் இருந்து.

ஜூலை, ஆகஸ்டு என்றால் இந்தப் பக்கம் சாரல் காலம். வெளியூர்க்காரர்களுக்கு அது கொண்டாட்டம். டீச்சருக்குத் திண்டாட்டம். வானம் மூடிக்கொண்டால் அறைக்குள் வெளிச்சம் போதாது. முகம் தெளிவாக விழாது. சிக்னலும் காலை வாரிவிட்டால் கதை முடிந்தது.

டீச்சர்களில் பலர் 50 வயதைத் தாண்டியவர்கள். கோடு போட்ட நோட்டில் அழகாகக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். எந்தக் குழந்தை மெலிந்திருக்கிறது, எந்தத் தாய்க்கு எத்தனையாவது மாதம் என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். செல்போனிடம்தான் தோற்றுப்போகிறார்கள். பகலில் புரியாததை ராத்திரி வீட்டில் மகனிடமோ மகளிடமோ கேட்கிறார்கள். "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்ற பேச்சையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

யாருக்கு நஷ்டம்?

உரியவருக்கே உணவு போய்ச்சேர வேண்டும், இடையில் யாரும் சுருட்டக் கூடாது என்பதுதான் அரசு சொல்லும் காரணம். அதில் தப்பில்லை. ஆனால் தினமும் பார்க்கிற பக்கத்துத் தெரு பெண்ணை "நீதானா?" என்று ஒரு மெஷினிடம் கேட்டு நிற்பதுதான் டீச்சர்களுக்குப் பொறுக்கவில்லை. இந்த முறையை எதிர்த்து பல மாநிலங்களில் அங்கன்வாடி ஊழியர்கள் போராட்டம் நடத்தினார்கள்.

டீச்சர் போனோடு மல்லுக்கட்டும் நேரத்தில், 2 வயது, 3 வயது பிள்ளைகளைப் பார்ப்பது யார்? ஒரு உதவியாளர்தான். அவருக்கும் அடுப்பில் வேலை இருக்கிறது.

தாய்மார்கள் ஒன்று செய்யலாம். ஆதாரில் இருப்பது கணவர் நம்பரா, பழைய நம்பரா என்று பார்த்து, ஆதார் மையத்தில் தன் நம்பரைச் சேர்த்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மீதி பாதி? அது அதிகாரிகள் கையில். நல்ல போன் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆள் வேண்டும். முகம் ஒத்துப்போகாத நாளில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வழி வேண்டும்.

பீரோவில் பாக்கெட் இருக்கிறது. இடுப்பில் குழந்தை இருக்கிறது. நடுவில் செல்போன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குழந்தையின் பசிக்கு அது தெரியுமா?