சமையல் வகுப்புக்குப் போகும் சகோதரிகளுக்கு

"பத்து வயதிலேயே அடுப்படிக்கு வந்தவளுக்கு இனி என்ன சமையல் வகுப்பு?" என்று வீட்டில் ஒருவராவது கேட்காமல் இருக்க மாட்டார். மாமியார் கேட்பார், இல்லாவிட்டால் கணவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லும் முன், சகோதரியே, அதே கேள்வியை நீங்களும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வாரம் முழுவதும் கொழுந்துக் காட்டில் நின்றுவிட்டு, கிடைக்கும் ஓய்வு நாளையும் வகுப்புக்குக் கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லதல்லவா?

கெமாஸ் நடத்தும் மகளிர் வகுப்புகள் உண்டு. 2001 முதல் தொடங்கப்பட்ட சமூகக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. ஈப்போ போன்ற பட்டணங்களில் தனியார் வகுப்புகளுக்கும் குறைவில்லை. எதில் சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "ஆசிரியர் செய்வதைப் பார்ப்பதா, நாங்களே கைவைத்துச் செய்வதா?" பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டியதில்லை. மாவும் முட்டையும் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் விசாரியுங்கள்.

முதல் நாளே பலகாரம் சுடலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம் வளையலைக் கழற்றியாயிற்றா, தலையை மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, காய்கறிக்கு வேறு பலகை என்பார்கள். சமைக்கும் நேரத்தைவிடப் பாத்திரம் கழுவும் நேரம் கூடுதலாக இருக்கும்!

அடுத்தது அளவு. நம் வீடுகளில் கைதான் அளவு, கண்தான் தராசு. வீட்டுக்கு அது போதும். ஆனால் விலைக்கு விற்கும் கறிபாப் இன்று ஒரு ருசி, நாளைக்கு ஒரு ருசி என்றிருந்தால் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். ஆகவே மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலிட்டர், தேக்கரண்டி என்றால் 5. மேலே குவியாமல் தட்டி எடுக்க வேண்டும். (மலாயில் 'சுடு' என்றால் கரண்டி. அடுப்பில் சுடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தபோது, அடுப்படிக்குப் புதியவர்களும் அதை நம்பிச் சமைத்ததற்கு, அவர் அளவைச் சொல்லிக் கொடுத்ததே காரணம் என்பேன்.

இனி, எந்தப் பட்டணத்து ஆசிரியரும் சொல்ல மறந்துவிடும் ஒன்றைச் சொல்கிறேன். ஈப்போ பள்ளத்தாக்கில் இருக்கிறது. நாம் மலைமேல் இருக்கிறோம். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்றுதான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது கடல் மட்டத்துக் கணக்கு. 1,500 மீட்டர் உயரத்தில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீருக்குச் சூடு குறைவு என்பதால்தான் பருப்பும் கடலையும் இங்கே வேக அதிக நேரம் பிடிக்கிறது. பிரஷர் குக்கர் அதனால்தான் நமக்கு அவசியம். கேக்கு வேறு விதமாகப் படுத்தும். மலையில் காற்றழுத்தம் குறைவு. மாவு வேகமாகப் பொங்கி, நடுவில் அமுங்கிவிடும். கீழே ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று எழுதிக் கொடுத்தால், இங்கே முக்கால் கரண்டி போட்டு, பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிப் பாருங்கள். இட்லி மாவுக்கும் நம் குளிர் ஒத்துக்கொள்ளாது. அங்கே ஓர் இரவில் புளிக்கும் மாவு, இங்கே மறுநாள் நண்பகல் வரை காத்திருக்க வைக்கும். ஆகவே வகுப்பில் கற்றதை வீட்டில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்து, அளவைத் திருத்தி எழுதிக்கொள்ளாமல், ஊராருக்கு ஆர்டர் எடுத்துவிடாதீர்கள்.

விற்கும் எண்ணம் உள்ளவர்கள் கணக்கையும் கேட்டுப் படிக்க வேண்டும். 100 கறிபாப்புக்கு மாவு, கிழங்கு, எண்ணெய் எல்லாம் 40 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 50 காசு என்று விற்றால் 10 வெள்ளி லாபம் போலத் தோன்றும். எரிவாயு, காகிதப் பை, சந்தைக்குப் போய்வரும் செலவு இவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? விடியற்காலை எழுந்து மாவு பிசைந்த உங்கள் கைக்கு எங்கே கூலி?

கடைசியில் ஒரு தாள் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் வகுப்புக்கு வந்ததற்கான சான்றுதான். ஓட்டல் வேலைக்கு மதிப்புள்ளது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். அதற்குப் படிப்பு நீளம். அங்காடி போட நினைப்பவர்களுக்கு வேறொன்றும் தேவை. 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவு கையாளுவோர் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குப் போக வேண்டும். டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சமையல் வகுப்புத் தாளைக் காட்டி இதைத் தவிர்க்க முடியாது.

வகுப்பு பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். எழுத்து தடுமாறுகிறதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையை மாலையில் பக்கத்தில் உட்காரவைத்துக் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த கூலியாக முதல் கேக்கு அதற்கே. நடுவில் அமுங்கியிருந்தாலும் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது.